மேல் வரிசை, இடது ஓரம்

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலை முதல் பஸ், இனி வெள்ளி ராத்திரிதான் வீடு. செங்கத்தில் தூறல், மலை ஏற ஏற நல்ல மழை. கிளம்பும்போது யாழினி தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். இமை ஆடியது. நானும் தெரியாத மாதிரி நெற்றியைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். நாலாம் வகுப்பு படிக்கிற என் பெண்ணுக்கு இந்த நடிப்பெல்லாம் எங்கிருந்து வருகிறதோ. என்னிடமிருந்துதான், வேறெங்கிருந்து.

ஜமுனாமரத்தூரில் இறங்கி, ரூமில் பையைப் போட்டுவிட்டு ஸ்கூட்டர். வழியில் இரண்டு தடவை நின்றது. பள்ளிக்குள் நுழையும்போது சேலையில் முழங்கால் வரை சேறு.

செய்ய வேண்டியவை: டேப் சார்ஜ். மூன்றாம் வகுப்பு நோட்டு (போன வாரத்ததும் பாக்கி). செருப்பு வார். கூரை ஒழுகல் பற்றி ஹெச்.எம்.மிடம் பேச. தலைவலி மாத்திரை.

செய்தது: டேப் சார்ஜ். மாத்திரை.

அஞ்சலி இன்று முழுக்க "வீடு". அவளுக்காகப் பேசுகிற டேப்பில், அந்தத் தொடுதிரையில், மேல் வரிசை, இடது ஓரத்துப் படம். ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு மரம், சிரிக்கிற சூரியன். விரல் வைத்தால் உள்ளிருக்கும் பெண் குரல் "வீடு" என்கிறது, பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்கிற மாதிரி. பாட்டு சொல்லும்போது வீடு. கணக்குப் போடும்போது வீடு. தட்டில் முட்டை வைத்தபோதும் வீடு. முட்டை என்றால் அவளுக்கு உயிர்.

"டீச்சர், அத கொஞ்ச நேரம் வாய மூட வையுங்களேன்," என்றார் ஹெச்.எம். "எங்கிளாஸ் வரைக்கும் கேக்குது." பள்ளியே நானும் அவரும்தான். ஒன்று முதல் மூன்று என்னிடம், நாலும் ஐந்தும் அவரிடம். அவர் அறை கான்கிரீட். எங்களுடையது தகர சீட். மழை பிடித்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. ஆனால் வீடு மட்டும் அவருக்குக் கேட்டுவிட்டதாம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. ஈர ஜாக்கெட்டோடு வேலைக்கு.

ஆபீஸிலிருந்து யாராவது வந்து கேட்டால் உளறாமல் இருக்க, இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். அஞ்சலி, எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம். பேச்சு இல்லை. அப்பா கட்டட வேலைக்கு வெளியூர். அம்மா மல்லிகா, சொந்தமாகக் கொஞ்சம் சாமைக் கொல்லை, பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். ஜூலையில் டேப் கொடுத்தார்கள். பன்னிரண்டு படம். தொட்டால் அவளுக்காக அது பேசும். முதல் மாதம் அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் பார்த்தாள், அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒரு நாள் தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு மறுபடி தொட்டாள். மறுபடி ஓடினேன். அன்றைக்கு அவள் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. அதற்கு முன்னால் வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் தன் கையையே கடித்துக்கொள்வாள். மணிக்கட்டில் காய்த்துப் போன தழும்பு. இந்த மூன்று மாதமாகப் புதுக் கடி இல்லை.

எழுதும்போது கோர்வையாக வருகிறது. அதிகாரி எதிரில் உட்கார்ந்தால் இதில் பாதி வாயில் வராது.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன் வந்து பார்ப்பார்களாம். பிள்ளை பயன்படுத்துகிறது என்றால் டேப் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் கீழே வேறு பள்ளிக்கு. அங்கே ஒரு பிள்ளை காத்திருக்கிறதாம். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

இந்த நேரம் பார்த்து வீடு, வீடு, வீடு. மதியம் மழை பலக்க, மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. டேப் "வீடு" என்றதும் பின்வரிசை கோரஸாக "வூடூடூ". தலை வெடித்துவிடும் போல இருந்தது. டேப்பைப் பிடுங்கி, அதன் செட்டிங்ஸுக்குள் போய், அந்தப் படத்தை மறைத்துவிட்டேன். அந்த இடத்தில் பென்சில் படம், "எழுது". வருகிறவர் முன்னால் ஸ்கூல் பிள்ளை எழுது என்று சொன்னால் அழகாக இருக்கும், வீட்டுக்குப் போகணும் என்று ஒப்பாரி வைப்பதை விட.

வேலை முடிந்தது. நிம்மதி.

செங்கத்திலிருந்து வீட்டுக்காரர் போன். "மாறுதல் விண்ணப்பம் இந்த தடவையாச்சும் எழுதிக் குடு. இன்னும் எத்தினி வருஷம் மலையிலயே குந்திக்கினு இருப்ப." பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறேன். விண்ணப்பம் பையில்தான் இருக்கிறது, பெயர் மட்டும் எழுதி.

நவம்பர் 5, புதன்

வெயில். எல்லாக் கொடியிலும் துணி. ஊரே துணி காயப்போட்ட மாதிரி.

அஞ்சலி காலையில் டேப்பை எடுத்தாள். விரல் பார்க்காமலே இடது ஓரத்துக்குப் போயிற்று. "எழுது" என்றது. விரலை எடுத்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி அதே இடம். "எழுது."

நான் என்ன செய்தேன்? பெரிய கெட்டிக்காரி மாதிரி சிலேட்டும் பல்பமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலேட்டு கீழே விழுந்தது. இன்னும் ஒரு தடவை தொட்டாள். அப்புறம் டேப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியை நக்க ஆரம்பித்தாள்.

பழகிவிடும். புதுசு எல்லாம் முதலில் அப்படித்தான்.

வகுப்பு அமைதி. நோட்டு திருத்தி முடித்தேன். ஹெச்.எம். கையைத் தூக்கிக் கும்பிட்டார். ஆயா எனக்கு மட்டும் தனியாக டீ போட்டுக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக நடந்த நாள். ஆனால் ஏனோ உட்கார முடியவில்லை. இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து ஜன்னலைச் சாத்தித் திறந்தாயிற்று.

நவம்பர் 6, வியாழன்

 எழுத்து கோணல்.

காலையிலிருந்தே இருட்டு. பத்தரைக்கு மேல் பிடித்த மழை, தகரத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. அஞ்சலி டேப்பைத் தொடவே இல்லை. கவிழ்த்தது கவிழ்த்தபடி. காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அப்புறம் கை வாய்க்குப் போயிற்று. நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் இடம் காலி. வாசலில் ஈரக் காலடி கூட இல்லை, மழை கழுவிவிட்டது.

ஹெச்.எம். பெரிய பிள்ளைகளை ரோட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, தானே குடையில்லாமல் கிணற்றுப் பக்கம் ஓடினார். அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் எட்டிப் பார்த்து, இல்லை என்று கையை ஆட்டியபோது நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா கொல்லையிலிருந்து, கையில் அறுப்பரிவாளோடு, கூவிக்கொண்டே ஓடிவந்தாள். "எம் பொண்ணு, எம் பொண்ணு எங்க டீச்சரு."

ஆட்டுக் கொட்டகையில் இருந்தாள். பள்ளிக்குப் பின்னால், புல் வேய்ந்த பழைய கொட்டகை. இரண்டு வெள்ளாட்டுக்கு நடுவே, ஒன்றின் வயிற்றில் கன்னத்தை வைத்தபடி. மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம். ஆனால் ஆடவில்லை, பொத்தவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருந்தாள்.

நான் குனிந்து உள்ளே போனேன். போனதும்தான் தெரிந்தது, என் காது இவ்வளவு நேரமும் இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. உள்ளே மழையே இல்லை. வெளியே கொட்டுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் புல்லோடு நின்றுவிட்டது. ஆடு அசை போடுவது கேட்டது.

மல்லிகாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "மழ வந்துச்சின்னா அப்பிடித்தான் டீச்சரு. எங்களுக்கு சீட்டு போட்ட வூடு கட்டிக் குடுத்தாங்கல்ல, அதுல கால வெக்க மாட்டா. பழைய கூரையிலதான் இன்னும் படுத்துக்கினு கீறோம். அடம் புடிக்கிறான்னு நானே ரெண்டு போட்டிருக்கேன்." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆடுகள் பேசாமல் இருந்தன.

திங்களும் மழை. செவ்வாயும் மழை. முட்டையை விட்டுவிட்டு வீடு என்றாளே. பாட்டு பிடிக்காமல் இல்லை, கணக்கு பிடிக்காமல் இல்லை. இந்தத் தகரத்துக்கு அடியில் இருக்க முடியவில்லை, சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போ என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். தெரிந்த ஒரே வழியில். நான் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டு, சிலேட்டைக் கொடுத்தேன்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அறைந்து யாருக்கு லாபம்.

ஹெச்.எம். சாயங்காலம், தலையைத் துவட்டிக்கொண்டே: "நாளைக்கி எதுனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது டீச்சர்? வூட்டோட வச்சிக்கச் சொல்லுங்க அந்தம்மாவ. நான் கெட்டவனா சொல்லல." கெட்டவர் இல்லைதான். கிணற்றை எட்டிப் பார்த்தது அவர். ஒரு வாரம் டைம் கேட்டேன். டவலைப் பிழிந்தார்.

நவம்பர் 7, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

வீட்டைத் திரும்ப வைத்தேன். மறைத்த படத்தைத் திறந்தால் அது கடைசி வரிசையில், வலது மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே இருந்து என்ன பிரயோசனம். அவள் விரல் படத்தைத் தேடுவதில்லை, இடத்தைத் தேடுகிறது. இருட்டில் நம் வீட்டு ஸ்விட்சை நாம் தேடுகிறோமா. ஒவ்வொரு படமாக நகர்த்தி, பழையபடி மேல் வரிசை, இடது ஓரம். எழுது படத்தை அழித்தே விட்டேன்.

மல்லிகாவே கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டாள். மணிக்கட்டில் மஞ்சள் பற்று. டேப்பை முன்னால் வைத்தேன். கவிழ்த்தாள். நிமிர்த்தி வைத்தேன். கவிழ்த்தாள். அவள் இடத்தில் நான் இருந்தால் வெளியே தூக்கிப் போட்டிருப்பேன்.

அவள் தொடாவிட்டால் என்ன என்று நானே தொட்டேன். "வீடு." அவள் கையைப் பிடித்து ஆட்டுக் கொட்டகைக்குப் போய், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். மதியமும் ஒரு தடவை. ஹெச்.எம். வராந்தாவில் நின்று, "இன்னாங்க டீச்சர், ஆட்டுக் கொட்டாயிலயே கிளாஸா," என்றார். பின்வரிசைக் குட்டிகள் நாங்களும் வர்றோம் என்று கிளம்பிவிட்டன.

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. முகத்தில் நம்பிக்கை இல்லை என்று எழுத வந்தேன். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது.

சாயங்கால பஸ். டேப்பை நானே கொண்டுபோகிறேன், வேலை இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

செங்கம். வீட்டில் இருக்கிறேன், இருப்புக் கொள்ளவில்லை. நேற்றிலிருந்து எல்லாச் சத்தமும் கேட்கிறது. மிக்ஸி, எதிர் வீட்டு டி.வி., கோயில் ஸ்பீக்கர், அவர் கடையில் மூட்டை இறக்குவது. எப்படித்தான் இதற்குள் குடும்பம் நடத்தினோமோ.

அவளுக்கு இன்னொரு சொல் வேண்டும். மழைக்கு வீடு சரி. ஆள் கத்தினால், பிடித்து இழுத்தால், கேட்டதையே கேட்டால்? புதுப் படம்: விரித்த ஒரு கை. "போதும்." கீழ் வரிசை நடுவில் காலியாக ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே. யாரையும் இடம் பெயர்க்காமல்.

டேப்பில் இருக்கும் பெண் குரலில் அது நன்றாக இல்லை. ஹோட்டலில் இட்லி போதும் என்கிற மாதிரி. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பெரிய பொம்பளைக் குரல். யாழினியைக் கூப்பிட்டேன். நம் குரலைப் பதிந்து வைக்க வசதி இருக்கிறது.

முதலில் மேடைப் பேச்சு மாதிரி சொன்னாள். இன்னொரு தடவை என்றேன். ராகம் போட்டாள். இன்னொரு தடவை. சிரித்துவிட்டாள். இன்னொரு தடவை. மிக்ஸி ஓடியது. இன்னொரு தடவை, கண்ணு, கடைசி. "போதும்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கீழ் ஸ்தாயியில். அதுதான் வேண்டியிருந்தது. அப்படியே சேமித்துவிட்டேன்.

"ம்மா, நான் நெஜமாவே சொன்னேன்," என்றாள்.

"அதான் நல்லா வந்துச்சு."

"அந்த அக்கா அமுக்குனா எங்குரல்ல பேசுமா?"

அக்கா இல்லை, உன்னைவிடச் சின்னவள் என்றேன். கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துவிட்டு, எங்குரலாச்சும் ஒங்கூட வரட்டும் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். போகிற போக்கில் சொன்னதுதான். எனக்குத்தான் அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

அவர் விண்ணப்பத்தை எடுத்து டேபிள் மேல் வைத்தார், பக்கத்தில் பேனாவோடு.  நான் அதை மறுபடி பைக்குள் வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

முதல் பஸ். யாழினி தூங்குகிற மாதிரி.

நல்ல குளிர். போன் வந்துவிட்டது: வியாழக்கிழமை அதிகாரி வருகிறார்.

ஹெச்.எம். உடனே இன்ஸ்பெக்ஷன் மூடுக்கு மாறிவிட்டார். வெள்ளையடிக்கணும், மண்பானை புதுசு வாங்கணும். அஞ்சலிக்கும் ஒத்திகை. நாங்கள் எல்லாம் இப்படித்தான். அதிகாரி வருகிறார் என்றால் கேள்வியையும் நாங்களே கேட்டு, பதிலையும் நாங்களே பழக்கி, எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் கை தூக்க வேண்டும் என்பது வரைக்கும் தயார் செய்துவிடுவோம். நானும் ஐந்தாம் வகுப்பில் அப்படிக் கை தூக்கியவள்தான். "பிஸ்கட்ட இந்தப் பக்கம் புடிங்க டீச்சர். படத்த அமுக்குனா குடுங்க. தண்ணி, சாப்பாடு, ரெண்டு அமுக்குனா நம்ம பொழச்சோம்," என்றார் ஹெச்.எம்.

செய்து பார்த்தேன். ஆசைதான். பிஸ்கட்டைக் காட்டினேன். அஞ்சலி டேப்பைத் தாண்டிக் கையை நீட்டி, பாக்கெட்டோடு வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து தின்றாள். கவிழ்ந்த டேப் கவிழ்ந்தபடி. அவள் வழி சுருக்கு வழி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"போதும்" பழக்க நானே அதைப் பயன்படுத்தினேன். ஒன்றாம் வகுப்பு கூச்சல் போட்டபோது: போதும். மணி அதிக நேரம் அடித்தபோது: போதும். ஹெச்.எம். வாசலில் நின்று பானை பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோதும் விரல் போய்விட்டது. யாழினி குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "போதும்."

"என்னையா?" என்றார். பிள்ளைகள் உருண்டு சிரித்தன. அஞ்சலி சிரிக்கவில்லை. ஆனால் தலை திரும்பியது. அவ்வளவுதான், தலை.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் வெயில், மதியம் மழை.

முதல் துளிகள் தகரத்தில் விழும்போது நான் கரும்பலகையில் "மரம்" எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக எழுதினேன். பின்னால் டேப் நிமிர்கிற சத்தம். டேபிளில் பிளாஸ்டிக் இடிக்கும், எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம், அறிவிப்புக்காரம்மா குரலில்: "வீடு."

"மரம்" பாதியில் நின்றது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். எட்டு வயதுப் பிள்ளை, நல்ல கனம். செருப்பு வார் அறுந்தே போயிற்று. கொட்டகையில் ஆட்டோடு ஆடாக உட்கார்ந்திருந்தோம். மழை ஓய்கிற வரைக்கும் அவள் கை கடிக்கவில்லை. ஓய்ந்ததும் அவளாகவே எழுந்து வகுப்புக்கு நடந்தாள், என்னை விட்டுவிட்டு.

சந்தோஷம். இந்த வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் இல்லை. உடனே பயமும். வியாழக்கிழமை வெயில் அடித்தால் என்ன காட்டுவேன்? மழை பெய்தால் என்ன காட்டுவேன்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்கு ஓடுவதையா?

சாயங்காலம் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "சீட்டு மேல புல்லு பரப்பிட்டா சத்தம் அடங்கும் டீச்சரு. எங்க ஆளுங்க நாலு பேரு வந்தா அரை நாளு வேல." ஹெச்.எம்.மிடம் கேட்டேன். "கவர்மெண்டு கட்டடம் டீச்சர். மேல புல்லு மொளைக்கறாப்ல இருந்தா வர்ற சார் இன்னா சொல்லுவாரு? மொதல்ல அவரு வந்துட்டுப் போவட்டும்." அது வரைக்கும் ஆடுகளுக்கு நன்றி.

நவம்பர் 13, வியாழன்

காலையில் சாப்பிடவில்லை.  மூட்டம், மழை இல்லை.

பதினொரு மணி வாக்கில் ஜீப். அதிகாரி நல்ல மாதிரிதான். முடி நரைத்தவர், மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அஞ்சலிக்கு எதிரில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி பத்தவில்லை.

"பாப்பா, தண்ணி எங்க? சாருக்குக் காட்டு."

அஞ்சலி அவர் பேனாவைப் பார்த்தாள்.

"தண்ணி. தண்ணி காட்டும்மா. சரி, சாப்பாடு எங்க?"

ஹெச்.எம். பின்னால் நின்று குடிக்கிற மாதிரி கட்டை விரலை வாயில் வைத்துக் காட்டினார். அது வேறு மாதிரி இருந்தது, பின்வரிசை சிரித்தது. அதிகாரி போன் அடித்தது, பேசிவிட்டு வந்தார். டேப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு படமாகத் தானே தொட்டு, "இது இன்னா? இது இன்னா?" பதிமூன்று சொல்லும் வரிசையாக அலறின. அஞ்சலியின் கை காதுக்குப் போயிற்று.  கோர்வையாக எழுதி வைத்ததில் ஒரு வரி கூட என் வாயில் வரவில்லை.

அப்போது அவள் டேப்பைத் தன் பக்கம் இழுத்தாள். மேல் வரிசை, இடது ஓரம். "வீடு."

"இத ஒண்ணுதான் சொல்லுமா?" என்றார் அதிகாரி, ஃபைலில் எதையோ குறித்துக்கொண்டே.

நான் எழுந்தேன். அவள் கையைப் பிடித்தேன். "இருங்க டீச்சர், நான் இன்னும் பாத்து முடிக்கல." தெரியும் சார். டேப் போய்விடும் என்றும் தெரியும். ஆனால் போன வாரம் ஒரு தடவை அவள் இதைச் சொல்லி, கேட்காமல் விட்டு, கிணற்றடிச் சேற்றில் உட்கார்ந்தவள் நான். "அவ போவணும்ன்றா சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். 

கொட்டகையில் உட்கார்ந்தோம். அவள் மடியில் டேப், தோளில் ஆட்டுக்குட்டி. விட்டார்களா? குனிந்துகொண்டு அதிகாரியும் வந்தார், பின்னாலேயே ஹெச்.எம்.

"நல்ல எடம்," என்றார் அதிகாரி. நிஜமாகவே சொன்னார். அப்புறம் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார். "வேற இன்னா தெரியும் இதுக்கு? ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லுங்க டீச்சர், நான் எழுதிக்கணுமில்ல. பாப்பா, இங்க பாரு. ஆடு எங்க? ஆடு படம் இருக்குதா? பாப்பா."

அஞ்சலி யாரையும் பார்க்கவில்லை. விரல் கீழே இறங்கியது. நடுக் கட்டம்.

"போதும்."

என் மகள் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு, இனி ஒரு தடவை கேட்டால் பார் என்கிற மாதிரி.

அதிகாரியின் பேச்சு பாதியில் நின்றது. ஹெச்.எம். ஆட்டைப் பார்த்தார்.  அதிகாரி ஃபைலை மூடினார். "சரிம்மா," என்றார். எனக்கில்லை, அவளுக்கு. பெரியவர்களிடம் சொல்வது போல. அப்புறம் கூரையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போய்விட்டார்.

டேப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜீப் போயிற்று. ஆயா கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை, குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். பிள்ளைகளுக்கு மிட்டாய், ஹெச்.எம். செலவு. வெயில்.

பத்து மணிக்கு அவருக்கு போன். பேசி முடித்துவிட்டு வேண்டுமென்றே மெதுவாக, மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே வந்தார். "டேப் இங்கயே இருக்கட்டும்னுட்டாரு டீச்சர்."

"கூரைக்கு?"

"கேட்டேன். நீங்க மேல புல்லு போட்டுக்கினா எனக்குக் கீழ இருந்து தெரியவா போவுதுன்னாரு." ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவின் ஆட்கள் வருகிறார்கள். ஹெச்.எம். தன் அறைக்கும் போட்டால் என்ன என்கிறார், வெயிலுக்கு.

அஞ்சலியிடம் சொன்னேன். அவளுக்கு மிட்டாய்தான் முக்கியம். இரண்டாவது மிட்டாய் கொடுக்கப் போனபோது போதும் என்றாள், அதையும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்கால பஸ்ஸில் செங்கம். யாழினி வாசலிலேயே நின்றாள்.

"நான் சொன்னத சொன்னாளா?"

"சொன்னா."

"யாருகிட்ட?"

"ஒரு பெரிய சாருகிட்ட. ஃபைல்லாம் வச்சிக்கினு வந்தாரு."

"அவரு இன்னா பண்ணாரு?"

"நிறுத்திட்டாரு. சரிம்மான்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். என் பையைத் திறந்து, டிபன் டப்பாவை எடுத்து, விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்தாள்.

"அவ சொன்னா நிறுத்துறாங்க. நான் சொன்னா மட்டும் யாரும் நிறுத்த மாட்றீங்க."

"நீ எப்ப சொன்ன? எத நிறுத்தணும்?"

ஜிப்பை இழுத்து மூடினாள்.

"திங்கக்கெழமய."